20 மீட்டரில் நழுவிய லீ மான்ஸ்: ஃபோர்டு ஜிடி40 காரைச் செதுக்கிய கென் மைல்ஸ் யார்?

2019-ல் வெளியான 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்தைப் பார்த்தவர்களுக்கு கென் மைல்ஸ் என்ற பெயர் நன்றாகவே தெரிந்திருக்கும். கிறிஸ்டியன் பேல் நடித்த அந்த ஒல்லியான, வாய்த்துடுக்கான, யாருக்கும் வளைந்து கொடுக்காத ஓட்டுநர்தான் அவர். படம் முடிந்ததும் போனை எடுத்து அவர் பெயரைத் தேடியவர்கள் நிறையப் பேர்.

தேடினால் கண்ணில் படுவது ஒரு விநோதமான முடிவு. 1966 லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடம். முதல் இடம் பிடித்த காரும் அதே 360 சுற்றுகள், அவர் காரும் அதே 360 சுற்றுகள். 4,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 20 மீட்டர்தான்!

ஆனா, கென் மைல்ஸை அந்த 20 மீட்டரை வைத்து மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்த நாள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது ஒரே ரகக் கார். அந்தக் காரை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, எங்கே ஆடுகிறது, எங்கே சூடாகிறது, எது உடையும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வைத்தவர் அவர். கோப்பை கைமாறியது. அந்த உழைப்பை யாராலும் கைமாற்ற முடியவில்லை.

மெக்கானிக்காகத் தொடங்கிய வாழ்க்கை

கென் மைல்ஸ் பிறந்தது 1918 நவம்பர் 1-ம் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில். பதின்ம வயதிலேயே வோல்ஸ்லி கார் நிறுவனத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்துவிட்டார். அதாவது, ஸ்டீயரிங்கைப் பிடிப்பதற்கு முன்பே ஸ்பேனரைப் பிடித்த கை அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்த மைல்ஸ், டாங்கிப் பிரிவில் பணியாற்றினார். 1944-ல் நேசப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது அவரும் அங்கே போனார். போர் முடிந்ததும் பழைய புகாட்டி, ஆல்ஃபா ரோமியோ கார்களை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் பந்தயம் ஓட்டினார்.

1952-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சல்ஸில் எம்ஜி கார் விநியோக நிறுவனம் ஒன்றில் சர்வீஸ் மேனேஜர் வேலை. பகலில் வாடிக்கையாளர் கார், மிச்ச நேரத்தில் சொந்தக் கார். எம்ஜி பாகங்களை வைத்தே 'ஆர்-1' என்ற பந்தயக் காரை உருவாக்கி, 1953-ல் கலிஃபோர்னியா பந்தயங்களில் தொடர்ந்து வெற்றிகளைக் குவித்தார். பெரிய எஞ்சின் கார்களை எல்லாம் சின்ன எஞ்சினோடு முந்திக் காட்டியதால், மேற்குக் கரை பந்தய வட்டாரத்தில் அவர் பெயர் பரவியது.

பின்னாளில் கூப்பர் காரின் உடலில் போர்ஷே எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார். சன்பீம் ஆல்பைன் என்ற சாதுவான இரண்டு இருக்கைக் காரில் ஃபோர்டின் வி8 எஞ்சின் உட்காருமா என்று பார்க்க வேண்டியிருந்தபோது, அதைச் சில நாள்களில் செய்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். அதுதான் பிறகு 'சன்பீம் டைகர்' என்ற காராக விற்பனைக்கு வந்தது.

திறமை இருந்தது, வியாபாரம் கைகொடுக்கவில்லை. நார்த் ஹாலிவுட்டில் அவர் நடத்திய டியூனிங் பட்டறையை 1960-களின் தொடக்கத்தில் மூட வேண்டியதாயிற்று. நாற்பதைத் தாண்டிய வயதில், மீண்டும் ஒருவரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அந்த ஒருவர், கரோல் ஷெல்பி.

ஷெல்பியும் கோப்ராவும்

ஷெல்பி 1959-ல் ஆஸ்டன் மார்ட்டின் காரில் லீ மான்ஸ் வென்றவர். இதயக் கோளாறால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கார் உருவாக்க வந்தவர். பிரிட்டிஷ் ஏசி காரின் எடை குறைந்த உடலுக்குள் ஃபோர்டின் வி8 எஞ்சினை வைத்து 'கோப்ரா'வை அவர் களமிறக்கியபோது, அதைப் பந்தயத்துக்குப் பதப்படுத்த ஒரு ஆள் தேவைப்பட்டது. 1963-ல் மைல்ஸ் உள்ளே வந்தார்.

அவரிடம் இருந்த அபூர்வமான குணம் ஒன்றுதான். வேகமாக ஓட்டுபவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். காரைப் பிரித்து மேய்பவர்களும் கிடைப்பார்கள். ஆனா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வளைவின் எந்த இடத்தில் எந்தச் சக்கரம் என்ன செய்தது, அதற்கு என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அரிது. மைல்ஸால் அதைச் சொல்ல முடியும். தேவைப்பட்டால் தானே படுத்து மாற்றவும் முடியும். முகத்துக்கு நேராக, பூசி மெழுகாமல் சொல்வது அவர் பழக்கம். வேலைக்கு அது உதவியது. பெரிய கம்பெனிகளின் மேலதிகாரிகளிடம் உதவவில்லை.

ஃபோர்டுக்கு ஏன் திடீர் ஆசை?

1963-ல் ஃபோர்டு நிறுவனம் ஃபெராரியை விலைக்கு வாங்கப் பேச்சு நடத்தியது. கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்டது. பந்தயப் பிரிவின் செலவுக்கு ஃபோர்டின் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனையைப் பார்த்ததும் என்ஸோ ஃபெராரி பின்வாங்கிவிட்டார். ஃபோர்டின் தலைவர் ஹென்றி ஃபோர்டு 2-க்கு இது மானப் பிரச்சினை ஆனது. ஃபெராரியை அதன் கோட்டையிலேயே தோற்கடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

அந்தக் கோட்டைதான் பிரான்ஸில் உள்ள லீ மான்ஸ். சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு மாலை வரை, 24 மணி நேரம் நிற்காமல் நடக்கும் பந்தயம். அன்று ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினார்கள். 1960 முதல் 1965 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அங்கே ஃபெராரிதான் ஜெயித்தது.

இதில் முதலிடத்துக்குப் போட்டியிடுபவை 'ஸ்போர்ட்ஸ் புரோட்டோடைப்' வகைக் கார்கள். ஷோரூமில் விற்கும் காரை மாற்றியமைத்தவை அல்ல, பந்தயத்துக்கென்றே பிறந்தவை. ஃபார்முலா 1 கார் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கினால் போதும். இவை ஒரு பகல், ஒரு இரவு முழுக்கத் தாங்க வேண்டும். சில நேரம் மழையிலும். வேகம் மட்டும் இருந்தால் பத்தாது, உடையாமலும் இருக்கணும்.

தரையில் நிற்காத கார்

ஃபோர்டு இங்கிலாந்தில் ஒரு தனிக் குழுவை அமைத்தது. லோலா நிறுவனத்தின் எரிக் பிராட்லி வடிவமைத்திருந்த காரை அடிப்படையாகக் கொண்டு புதிய கார் உருவானது. உயரம் வெறும் 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம். அதனால்தான் பெயர் ஜிடி40.

பார்க்க அழகு. ஓட்டிப் பார்த்தால் ஆபத்து. 1964 ஏப்ரலில் லீ மான்ஸ் சோதனை ஓட்டத்தில் இரண்டு கார்கள் நிலைதடுமாறி விபத்தில் சிக்கின. வேகம் கூடக்கூட, காருக்கு அடியிலும் மேலேயும் ஓடும் காற்று அதை அழுத்துவதற்குப் பதிலாகத் தூக்கியது. ஜூன் மாதப் பந்தயத்தில் மூன்று கார்கள் இறங்கின. ஒன்று தீப்பிடித்தது, மற்ற இரண்டும் கியர்பாக்ஸ் கோளாறால் நின்றன. ஒன்றுகூட முடிவுக்கோட்டைத் தொடவில்லை.

1964 டிசம்பரில் கார்களை ஷெல்பியிடம் ஒப்படைத்தது ஃபோர்டு. ஷெல்பி அவற்றை மைல்ஸிடமும் தலைமைப் பொறியாளர் ஃபில் ரெமிங்டனிடமும் விட்டார்.

காரின் உடம்பெல்லாம் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நூல் எந்தப் பக்கம் பறக்கிறதோ, காற்று அந்தப் பக்கம் போகிறது என்று பொருள். நூல் தாறுமாறாக ஆடினால், அங்கே காற்று தேங்குகிறது. காற்றுக் குழாய்களின் வடிவம் மாறியது, சக்கரங்களும் சஸ்பென்ஷனும் மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மைல்ஸ் ஓட்டுவார், வந்து சொல்வார், மறுபடி மாற்றுவார்கள்.

சுமார் இரண்டரை மாதத்தில் பலன் தெரிந்தது. 1965 பிப்ரவரியில் டேடோனாவில் நடந்த 2,000 கி.மீ. பந்தயத்தில் மைல்ஸும் லாய்ட் ரூபியும் ஜெயித்தார்கள். ஜிடி40 ஜெயித்த முதல் பந்தயம் அதுதான்.

7 லிட்டர் எஞ்சினும் பிரேக் தலைவலியும்

அடுத்து, 'மார்க் 2'. ஃபோர்டு தனது ராட்சத 7 லிட்டர் எஞ்சினை இந்தச் சின்ன உடம்புக்குள் பொருத்தியது. மிச்சிகனில் உள்ள ஃபோர்டின் சோதனைத் தடத்தில் இதை ஓட்டிப் பார்த்த மைல்ஸ், மணிக்கு 320 கி.மீ. வேகத்தைத் தாண்டினார். உடனே 1965 லீ மான்ஸுக்கு இதையே கொண்டுபோவது என்று முடிவானது. அவசர முடிவு. சோதிக்க நேரமே இல்லை. மைல்ஸும் நியூசிலாந்து வீரர் புரூஸ் மெக்லாரனும் ஓட்டிய கார் உட்பட, களமிறங்கிய எல்லா ஜிடி40 கார்களும் பாதிப் பந்தயம் முடிவதற்குள் நின்றுபோயின. மறுபடியும் ஃபெராரிக்கே கோப்பை.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. டைனமோமீட்டர் என்ற சோதனை மேடையில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றி, லீ மான்ஸ் சுற்றில் ஓட்டுநர் எங்கே கியர் மாற்றுவார், எங்கே ஆக்சிலரேட்டரை விடுவார் என்பதை அப்படியே திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். உடையும் வரை ஓட்டுவது, உடைந்ததை பலப்படுத்துவது, மறுபடி ஓட்டுவது.

பெரிய தலைவலி, பிரேக். லீ மான்ஸில் முல்சான் என்ற சுமார் 6 கி.மீ. நேர்ச்சாலை உண்டு. 320 கி.மீ.க்கு மேல் பறந்துவரும் கனமான கார், அதன் முடிவில் நகர வீதி வேகத்துக்குக் குறைய வேண்டும். டிஸ்க் பழுக்கக் காயும். அடுத்த நேர்ச்சாலையில் காற்றுபட்டு ஆறும். இப்படிக் காய்ந்து ஆறி, காய்ந்து ஆறி, விரிசல் விடும். 24 மணி நேரம் தாங்கும் டிஸ்க்கைத் தேடுவதற்குப் பதிலாக, பிட்டில் நிற்கும்போது டிஸ்க்கையே சட்டென்று கழற்றி மாற்றும் அமைப்பை ரெமிங்டன் குழு உருவாக்கியது.

1966: மூன்றில் இரண்டு

நீண்ட நேரப் பந்தயங்களில் அன்று மூன்று பெயர்கள் பெரியவை: டேடோனா, சீப்ரிங், லீ மான்ஸ்.

பிப்ரவரியில் டேடோனா, முதன்முறையாக 24 மணி நேரப் பந்தயமாக நடந்தது. மைல்ஸ்-ரூபி ஜோடி ஜெயித்தது. மார்ச் மாதம் சீப்ரிங் 12 மணி நேரப் பந்தயம். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த டான் கர்னியின் ஃபோர்டு நின்றுபோக, மைல்ஸ்-ரூபி ஜோடியே மீண்டும் முதலிடம். மிச்சம் இருந்தது லீ மான்ஸ். அதையும் ஜெயித்தால், ஒரே ஆண்டில் மூன்றையும் வென்ற முதல் ஆள் ஆகியிருப்பார். அப்போது அவருக்கு வயது 47.

விமான விபத்தில் ரூபி காயமடைந்ததால், லீ மான்ஸில் அவரோடு சேர்ந்து ஓட்டியவர் டென்னி ஹல்ம். அடுத்த ஆண்டே ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனவர். ஃபோர்டு எட்டு மார்க் 2 கார்களை இறக்கியது. ஜூன் 18-ம் தேதி கொடியசைத்துத் தொடங்கி வைத்தவரே ஹென்றி ஃபோர்டு 2-தான்.

தொடக்கமே தகராறு. மைல்ஸ் காரின் கதவு சரியாக மூடவில்லை. முதல் சுற்று முடிந்ததும் பிட்டுக்கு வர வேண்டியிருந்தது. அங்கிருந்து ஒவ்வொரு காராகப் பிடித்து மேலே வந்தார். ஃபெராரியின் தொழிற்சாலைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. ஞாயிறு காலையில் முதல் மூன்று இடங்களிலும் ஃபோர்டு. மைல்ஸ்-ஹல்ம் காரும், மெக்லாரன்-கிறிஸ் ஏமன் காரும் முன்னால். ரோனி பக்னம்-டிக் ஹட்சர்சன் கார் பல சுற்றுகள் பின்னால்.

அந்த 20 மீட்டர் எங்கிருந்து வந்தது?

கடைசிக் கட்டத்தில் முன்னிலையில் இருந்தது மைல்ஸ். அப்போது ஃபோர்டின் பந்தயப் பிரிவுத் தலைவர் லியோ பீபி தரப்பில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது: மூன்று கார்களும் சேர்ந்தாற்போல் கோட்டைக் கடக்கட்டும், இரு கார்களுக்கும் வெற்றி சமமாகட்டும். விளம்பரத்துக்கு அதைவிட நல்ல போட்டோ கிடைக்காது. சொந்த அணிக்காரர்களே கடைசி நேரத்தில் போட்டி போட்டு இரண்டு கார்களையும் இழந்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒரு காரும் முடிக்காத நிறுவனம் அது.

ஆனா சமன் என்பதே அங்கே சாத்தியமில்லை. 24 மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓடிய கார் எதுவோ, அதற்கே வெற்றி. அன்றைய லீ மான்ஸில், தகுதிச் சுற்று நேரத்தின் வரிசைப்படி கார்கள் சாலையோரம் சாய்வாக நிறுத்தப்பட்டிருக்கும். தகுதிச் சுற்றில் மைல்ஸ் கார் இரண்டாவது, மெக்லாரன் கார் நான்காவது. அதாவது மெக்லாரன் சுமார் 20 மீட்டர் பின்னாலிருந்து தொடங்கினார். இருவரும் ஒன்றாக முடித்தால், மெக்லாரன் 20 மீட்டர் அதிகம் ஓடியதாகக் கணக்கு. தகுதிச் சுற்றில் வேகமாக ஓடியதே மைல்ஸுக்கு எதிராகத் திரும்பியது. இந்த விவரம் ஃபோர்டு தரப்புக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவந்தது. திட்டத்தை மாற்றவில்லை.

மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். மெக்லாரன் வந்து சேர்ந்தார். கோட்டைக் கடக்கும்போது மெக்லாரன் கார் சற்று முன்னால் இருந்தது. மைல்ஸ் வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரை விட்டாரா, மெக்லாரன் கொஞ்சம் அழுத்தினாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. லீ மான்ஸில் ஒரு அமெரிக்க நிறுவனம் ஜெயித்தது அதுவே முதல்முறை. களமிறங்கிய 13 ஃபோர்டு கார்களில் முடித்தவை அந்த மூன்று மட்டுமே.

இரண்டே மாதம்

ஏமாற்றம் இருந்தும் மைல்ஸ் வேலையை விடவில்லை. ஃபோர்டு அடுத்த ஆண்டுக்கென 'ஜே-கார்' என்ற புதிய காரை உருவாக்கிக்கொண்டிருந்தது. விமானங்களில் பயன்படும் தேன்கூடு அமைப்பு அலுமினியத் தகடுகளை ஒட்டிச் செய்த உடல். எடை ரொம்பக் குறைவு. பின்பக்கம் பெட்டி மாதிரி நீண்டு, சட்டென வெட்டியது போன்ற வடிவம்.

1966 ஆகஸ்ட் 17. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில் நாள் முழுக்கச் சோதனை. மாலையில், நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் வேகம் குறைந்துகொண்டிருந்த கார் திடீரெனத் தடுமாறி, உருண்டு, துண்டு துண்டாகச் சிதறித் தீப்பிடித்தது. தூக்கியெறியப்பட்ட மைல்ஸ் அங்கேயே இறந்தார். அவருடைய மகன் அப்போது தடத்தில் இருந்தார். விபத்துக்கு என்ன காரணம் என்று கடைசிவரை உறுதியாகக் கண்டறியப்படவில்லை.

படம் சொன்னதில் எது மாறியது?

1965 லீ மான்ஸுக்கு மைல்ஸை அனுப்பாமல் ஒதுக்கியதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அந்த ஆண்டும் அவர் அங்கே ஓட்டினார். 1966-ல் என்ஸோ ஃபெராரி பார்வையாளர் மாடத்தில் இருப்பதாகக் காட்டுவதும் கற்பனை. அவர் அங்கே வரவில்லை. படத்தில் ஹல்முக்குப் பெரிதாக இடமில்லை. நிஜத்தில் அந்த 24 மணி நேரத்தை இருவரும் பங்கிட்டுத்தான் ஓட்டினார்கள்.

அவர் விட்டுச் சென்றது

மைல்ஸ் இறந்த பிறகு ஜே-கார் அப்படியே தொடரவில்லை. உடல் வடிவம் முழுக்க மாறியது. அதைவிட முக்கியமாக, ஓட்டுநரைச் சுற்றி உறுதியான எஃகுக் குழாய்க் கூண்டு பொருத்தப்பட்டது. எடை கூடினாலும் பரவாயில்லை என்றானது. அப்படி உருவானதுதான் 'மார்க் 4'.

1967 லீ மான்ஸில் டான் கர்னியும் ஏ.ஜே.ஃபாய்ட்டும் மார்க் 4-ல் ஜெயித்தார்கள். அதே பந்தயத்தில், அதிகாலை இருட்டில் இன்னொரு மார்க் 4 சுவரில் மோதி நொறுங்கியது. அதை ஓட்டியவர் மரியோ ஆண்ட்ரெட்டி. விலா எலும்புக் காயத்தோடு உயிர் தப்பினார். 1978-ல் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனார். அந்த எஃகுக் கூண்டு இல்லையென்றால் அந்த விபத்தின் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

பழைய ஜிடி40 காரின் கதையும் அதோடு முடியவில்லை. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லீ மான்ஸை வென்றது ஒரே ஜிடி40 கார். ஆரம்பத்தில் முடிவுக்கோட்டையே தொட முடியாத மாடல், தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஃபோர்டுக்கு வெற்றி தந்தது.

2001-ல் அமெரிக்காவின் மோட்டார் பந்தய 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் மைல்ஸின் பெயர் சேர்க்கப்பட்டது. இறந்து 35 ஆண்டுகள் கழித்து. லீ மான்ஸ் வெற்றியாளர் பட்டியலில் மட்டும் இன்றுவரை அவர் பெயர் இல்லை.